கேப்ட்சா போட்டதும் பாட்களோடு மாணவர்களும் நின்றுவிட்டார்கள், மாற்று வழி சொல்லுங்கள்

வைகைக்கரை செல்வி (கேள்வி):

வணக்கம். மதுரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தர ஆள் ஏற்பாடு செய்கிறோம். அரசுத் தாள்களில் 'சொல்வதை எழுதுபவர்' என்று இருக்கும், மாணவர்கள் ஸ்கிரைப் என்றுதான் சொல்வார்கள். இதற்காக ஒரு சின்ன இணையதளம், அதில் ஒரே ஒரு படிவம். பெயர், கல்லூரி, தேர்வுத் தேதி, பாடம், தமிழ் வழியா ஆங்கில வழியா, ஃபோன் நம்பர், அவ்வளவுதான். பிஎச்பியில் நானே எழுதியது, எனக்குத் தெரிந்த அளவில்.

போன ஏப்ரல் தேர்வு நேரத்தில் எப்படியோ பாட்கள், அதாவது மனிதர் போலப் படிவம் நிரப்பும் தானியங்கி நிரல்கள், இந்தப் படிவத்தைக் கண்டுபிடித்துவிட்டன. ஒரு நாளைக்கு 200, 300 என்று வந்து விழுந்தது. சூதாட்டத் தளம், மருந்துக் கடை, ரஷ்ய எழுத்தில் என்னென்னவோ. அந்தக் குவியலுக்குள் நிஜமான விண்ணப்பம் ஒன்று புதைந்து போய்விட்டது, நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதே முக்காலுக்கு அந்தப் பையன் கல்லூரி வாசலில் இருந்து ஃபோன் பண்ணி, "எழுத வர்றவங்க எங்க நிக்கிறாங்கக்கா?" என்று கேட்டான். கால் மணி நேரத்தில் ஆள் அனுப்ப முடியவில்லை. இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அன்று இரவே ஒரு நிறுவனத்தின் இலவசக் கேப்ட்சாவை, வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் புதிரை, எடுத்துப் போட்டேன். மறுநாளே குப்பை பாதியாகக் குறைந்தது. ஆனால் விண்ணப்பமும் வரவில்லை. முதலில் தேர்வு முடிந்துவிட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டேன், பிறகு தேனியில் இருந்து ஒரு மாணவி கூப்பிட்டுச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. "பஸ் இருக்கிற கட்டத்தைத் தொடச் சொல்லுதுக்கா. டாக்பேக் படம், படம், படம்னு மட்டும்தான் படிக்குது." (டாக்பேக் என்பது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஃபோன் வசதி.) ஒலியில் கேட்கும் வசதி இருக்கிறதே என்றேன். அதையும் அழுத்திப் பார்த்திருக்கிறாள். இரைச்சலுக்கு நடுவில் அமெரிக்க உச்சரிப்பில் சில சொற்கள், அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று தடவை தப்பாகப் போனதும், உங்கள் நெட்வொர்க்கில் இருந்து தானியங்கிக் கோரிக்கைகள் வருகின்றன, பிறகு முயலுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது.

கண் தெரியாத பிள்ளைகளுக்காக வைத்த படிவத்தில் படத்தைப் பார்க்கச் சொல்லும் பூட்டைப் போட்டது நான்தான். கழற்றிவிட்டேன். இப்போது குப்பை திரும்ப வந்துவிட்டது, நவம்பர் தேர்வும் நெருங்குகிறது. பார்வை, செவி, ஆங்கிலம் எதுவும் தேவைப்படாமல் பாட்களைத் தடுக்க என்ன இருக்கிறது? எங்களிடம் பணம் கிடையாது, பலரும் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் ஷேர்டு ஹோஸ்டிங்தான்.

நிரல் கணேசன்:

செல்வி, முதலில் ஒன்று கேட்கிறேன், அந்தக் குப்பையைக் கிளறிப் பார்த்தீர்களா? எதையும் போடுவதற்கு முன் ஒரு நூறு குப்பை விண்ணப்பங்களை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். உங்கள் படிவத்துக்கு வரும் நிஜமான விண்ணப்பத்தில் இணைய முகவரி இருக்கவே வாய்ப்பில்லை. தேர்வுத் தேதி இன்றைக்குப் பிறகுதான் இருக்கும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். ஃபோன் நம்பர் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. இந்த மூன்றையும் சர்வரில் சரிபார்த்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்துச் சரிபார்ப்பது போதாது, ஏனென்றால் இந்தப் பாட்களில் பல உங்கள் பக்கத்தைத் திறப்பதே இல்லை, படிவம் போய்ச் சேரும் முகவரியை ஒரு தடவை தெரிந்துகொண்டு நேரே அங்கேயே கொட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஹனிபாட். எலிப்பொறி மாதிரிதான். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைப்பீர்கள், காலிக் கட்டம் எதைக் கண்டாலும் பாட் நிரப்பும், நிரம்பி வந்தால் சந்தேகம். ஆனால் உங்கள் விஷயத்தில் கவனமாகச் செய்ய வேண்டும், கண்ணுக்குத் தெரியாதது, டாக்பேக் மாதிரித் திரையைப் படிக்கும் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளினால் மட்டும் போதாது. ஏரியா-ஹிடன் ட்ரூ (ஸ்கிரீன் ரீடர் படிக்காதிருக்க), டேப்-இண்டெக்ஸ் மைனஸ் ஒன்று (டேப் விசை அங்கே நிற்காதிருக்க), ஆட்டோகம்ப்ளீட் ஆஃப் (பிரவுசர் தானாக நிரப்பாதிருக்க), இந்த மூன்றும் வேண்டும். அப்படியும் ஏதாவது ஒரு ஃபோன் அதைப் படித்துவிட்டால் என்ன செய்வது என்று, அந்தக் கட்டத்தின் லேபிளில் 'இதை நிரப்ப வேண்டாம், காலியாக விடுங்கள்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். படித்தாலும் பிள்ளைக்குப் புரியும்.

மூன்றாவது, நேரம். பக்கம் திறந்த நேரத்தைப் படிவத்துக்குள் ஒளித்து அனுப்புங்கள், சர்வரில் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சொல்லைக் கலந்து எச்மேக் கையொப்பம் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி. மூன்று விநாடிக்குள் ஆறு கட்டத்தை நிரப்பி அனுப்ப எந்த மனிதராலும் முடியாது. கையொப்பமே இல்லாமல் வந்தால் பக்கத்தைத் திறக்காமல் கொட்டியது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் காலாவதி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை, வைத்துத் தடுப்பதும் வேண்டாம். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகளில் ஏராளமானவர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். உங்கள் தேனி மாணவிக்குக் கதவு சாத்தப்பட்டதற்குக்கூட அதுவே காரணமாக இருக்கலாம், எவனோ செய்ததற்கு அவள் மாட்டியிருப்பாள்.

ஒலிவாசகன்:

வணக்கம் செல்வி. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, என் ஸ்கிரீன் ரீடர் கணினியில் என்விடிஏ, ஃபோனில் டாக்பேக். கேப்ட்சாவைக் கழற்றியதற்கு முதலில் நன்றி. தப்பு என்று தெரிந்த பிறகும் பலர் கழற்றுவதில்லை.

கணேசன் சொன்ன நேரக் கணக்கில் ஒரு அனுபவத்தைச் சேர்க்கிறேன். ஒரு படிவத்துக்குள் நான் நுழைந்தால் முதலில் மேலிருந்து கீழே ஒரு தடவை முழுக்கக் கேட்பேன், எத்தனை கட்டம், எது கட்டாயம் என்று. பிறகுதான் நிரப்ப ஆரம்பிப்பேன். நடுவில் ஃபோன் வந்தால் போச்சு, இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். பார்வை உள்ளவருக்கு இரண்டு நிமிட வேலை எனக்குப் பதினைந்து நிமிடம். அதனால் அவர் சொன்ன மாதிரி மேல் வரம்பே வேண்டாம்.

படக் கேப்ட்சா எங்களை வெளியே நிறுத்துகிறது என்பதை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2005லேயே ஒரு தனி அறிக்கையாக எழுதி வைத்தது, 2021இல் அதைப் புதுப்பித்தும் வெளியிட்டது. இத்தனை வருடம் கழித்தும் நான் ரயில் டிக்கெட்டுக்கும் வங்கிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. என் கணக்கு விவரமெல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. 2023இல் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் வெளிவந்தபோது அதைச் சோதித்த கதை ஓபன்ஏஐ வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. ஒரு கேப்ட்சாவைத் தீர்த்துத் தரும்படி அது டாஸ்க்ராபிட் என்ற, சின்ன வேலைகளுக்கு ஆள் பிடிக்கும் தளத்தில் ஒரு மனிதரிடம் கேட்டிருக்கிறது. அவர், நீ ரோபோவா என்று கேட்டதற்கு, இல்லை, எனக்குப் பார்வைக் குறை இருக்கிறது, படத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறது. அவரும் நம்பித் தீர்த்துக் கொடுத்தார். நாங்கள் உண்மையாகவே அதைச் சொல்லும்போது திறக்காத கதவு, பொய்யாகச் சொன்ன இயந்திரத்துக்குத் திறந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்குப் போடச் சொல்வதையும் ('ஏழும் நாலும் எத்தனை') யோசித்துச் செய்யுங்கள். எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் ஸ்கிரைப் கேட்டு வருவார்கள் இல்லையா, எண்கள் தடுமாறும் பிள்ளைகள் அவர்களில் இருப்பார்கள்.

தெப்பக்குளம் ராசு:

அக்கா, நம்ம ஊர்க்காரன். தமிழில் ஒரு கேள்வி வைத்துப் பாருங்களேன். 'மதுரையில் ஓடும் ஆறு எது?' இந்த மாதிரிப் பாட்கள் உலகம் முழுக்கப் படிவம் தேடி அலைபவை, உங்கள் ஒரு படிவத்துக்காக யாரும் உட்கார்ந்து விடை எழுதித் தரப்போவதில்லை. அல்லது எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பலாம்.

ஒலிவாசகன்:

ராசு, தமிழ்க் கேள்வி என்பது படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல், ஏற்கிறேன். ஆனால் விடையை எப்படி ஒப்பிடுவீர்கள்? ஒருவர் வைகை என்பார், ஒருவர் வைகையாறு, ஒருவர் வைகை நதி, தமிழ் விசைப்பலகை பழகாதவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார், குரலில் சொல்லித் தட்டச்சு செய்பவருக்கு ஃபோன் என்ன எழுத்தைப் போடுமோ தெரியாது. அத்தனையும் ஏற்றால்தான் சரி. அப்படியும், உதவி கேட்டு வரும் பிள்ளையிடம் முதலில் நீ மனிதன்தான் என்று நிரூபி என்று கேட்கிறோம் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓடிபிக்கு, தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் எஸ்எம்எஸ் அனுப்பும் அமைப்புகளிடம் கேட்கும் டிஎல்டி பதிவு வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் காசு. ஏழு பேர் குழுவுக்குக் கட்டுப்படியாகாது. அதோடு பாட்கள் கண்ட கண்ட நம்பரைப் போட்டு அனுப்பச் சொன்னால் அந்தச் செலவும் இவர்கள் தலையில்.

இரவுக்காவல்:

நான் இணையப் பாதுகாப்பு வேலையில் இருப்பவன். செல்வி, உங்கள் கேப்ட்சா மாணவர்களை நிறுத்திய அளவுக்குப் பாட்களை நிறுத்தவில்லை, பாதி குப்பை தொடர்ந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கேப்ட்சா என்ற பெயர் 2000களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆட்கள், லூயிஸ் வான் ஆன், மானுவெல் ப்ளம் முதலானோர் வைத்தது. அன்றைக்குக் கோணல் எழுத்தைக் கணினியால் படிக்க முடியாது, அதனால் அது நல்ல பூட்டு. பிறகு ரீகேப்ட்சா வந்து, அதை 2009இல் கூகுள் வாங்கி, பழைய செய்தித்தாள், புத்தகங்களில் கணினி தடுமாறிய சொற்களையெல்லாம் நம்மை வைத்தே படித்துக்கொண்டார்கள். அதாவது கணினியால் முடியாததை நாம் செய்து காட்டுவதுதான் பரீட்சை. இப்போது அப்படி மிச்சம் ஒன்றும் இல்லை. 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை வைத்துச் சோதித்து, பாட்கள் மனிதர்களைவிட வேகமாகவும் துல்லியமாகவும் தீர்க்கின்றன என்று காட்டினார்கள். 2024இல் சூரிச்சின் ஈடிஎச் ஆய்வாளர்கள் யோலோ என்ற படம் அறியும் மாடலை வைத்து ரீகேப்ட்சா இரண்டாம் பதிப்பின் படப் புதிர்களை 100 சதவீதமும் தீர்த்தார்கள். இது போதாதென்று, காசு கொடுத்தால் ஆட்களை வைத்துத் தீர்த்துத் தரும் கடைகள் பல வருடங்களாக நடக்கின்றன. ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர்தான். நம் நாட்டில் இருந்தும் பங்களாதேஷில் இருந்தும் அந்த வேலைக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அங்கே புதிரைத் தீர்ப்பவர் உண்மையான மனிதரேதான், ஆனால் அனுப்புவது பாட். மனிதனா என்ற கேள்வியே அங்கே உடைந்துவிடுகிறது.

படம் இல்லாத மாற்றுகள் என்றால் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, பின்னணியிலேயே பிரவுசரைச் சோதிப்பவை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2022இல் விட்ட டர்ன்ஸ்டைல் அந்த ரகம், பெரும்பாலும் பயனர் ஒன்றும் செய்ய வேண்டாம், இலவசமும்கூட. இரண்டாவது, ஃபோனே சாட்சி சொல்வது. ஆப்பிள் அதே 2022இல் ஐஃபோனின் ஐஓஎஸ் 16இல் பிரைவேட் ஆக்சஸ் டோக்கன் என்று கொண்டுவந்தது. இது நிஜ ஃபோன்தான் என்று ஆப்பிள் சான்று கொடுக்கும், யாருடையது என்பதைச் சொல்லாது. நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் மாணவர்கள் கையில் ஐஃபோன் இருக்கப்போவதில்லை. பழைய ஃபோன் வைத்திருப்பவனும் பெயர் தெரியாத பிரவுசரில் வருபவனும் இப்படிப்பட்ட முறைகளில் எப்போதும் கடைசி வரிசைதான்.

மூன்றாவது, புரூஃப் ஆஃப் வொர்க். இதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வேன். 1992இல் சிந்தியா ட்வொர்க், மோனி நாவோர் இருவரும் ஸ்பேம் மெயிலுக்கு மருந்தாக யோசித்தது, 1997இல் ஆடம் பேக் ஹாஷ்கேஷ் என்று செய்து காட்டினார். படிவத்தை அனுப்பும் முன் பிரவுசர் தானாகவே ஒரு சின்ன ஹாஷ் கணக்கை (திரும்பத் திரும்ப முயன்றுதான் விடை கிடைக்கும் கணக்கு) போட்டு விடையைச் சேர்த்து அனுப்பும். பயனருக்குத் தெரியவே தெரியாது. ஒரு விண்ணப்பம் அனுப்புபவருக்கு ஒரு விநாடி, பத்தாயிரம் அனுப்புபவனுக்குப் பத்தாயிரம் விநாடி சிபியு. ஆல்ட்சா என்ற திறமூலக் கருவி இதைச் செய்கிறது, உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நிரல் கணேசன்:

இரவுக்காவல் சார், புரூஃப் ஆஃப் வொர்க் மனிதனா என்று பார்ப்பதே இல்லையே, செலவை மட்டும்தான் ஏற்றுகிறது. செலவிலும் ஏறுமாறு இருக்கிறது. ஸ்பேம் அடிப்பவனிடம் பெரிய சர்வர், நம் பிள்ளையிடம் ஆறேழாயிரம் ரூபாய் ஃபோன், டாக்பேக் வேறு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவனுக்குக் கால் விநாடி ஆவது இவளுக்கு ஐந்தாறு விநாடி ஆகலாம், அந்த ஐந்து விநாடியும் திரை பேசாமல் இருந்தால் அனுப்பினேனா இல்லையா என்று திரும்பத் திரும்பத் தட்டுவாள்.

இரவுக்காவல்:

நியாயமான பேச்சு. கணக்கைச் சின்னதாக வைக்க வேண்டும், படிவத்தை நிரப்பும்போதே பின்னணியில் போட்டு முடித்துவிட வேண்டும், கடைசிப் பொத்தானுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் சொன்ன மூன்றையும் முதலில் போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் இதற்கு வரட்டும், அதுதான் சரியான வரிசை.

ஒலிவாசகன்:

ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இதே விஷயம்தான். வங்கிக் கணக்குக்கான டிஜிட்டல் கேஒய்சியில், அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வார்கள், உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க. அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களால் சிமிட்ட முடியாது, எங்களுக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 உத்தரவுகள் போட்டிருக்கிறார்கள். மதுரையில் ஒரு சின்னக் குழு யாரும் உத்தரவு போடாமல் தானாகவே யோசிக்கிறது என்பதுதான் எனக்கு சந்தோஷம்.

தெப்பக்குளம் ராசு:

அக்கா, ஒரு சந்தேகம். விண்ணப்பம் வந்ததும் நீங்கள் எப்படியும் அந்தப் பிள்ளைக்கு ஃபோன் பண்ணிப் பேசத்தானே செய்வீர்கள்? எந்த ஹால், எத்தனை மணி என்று கேட்க. அப்படியானால் அதைவிடப் பெரிய சோதனை எது வேண்டும்? படிவத்தில் யாரையும் தடுக்காதீர்கள், வருவதைப் பிரித்து மட்டும் வையுங்கள். பக்கத்தின் மேலேயே ஒரு நம்பரைப் போட்டு, 'படிவம் வரவில்லை என்றால் இந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்' என்று எழுதிவிடுங்கள். மிஸ்டு கால் கொடுக்கத் தெரியாத ஆள் நம் ஊரில் உண்டா?

நிரல் கணேசன்:

ராசு சொன்னதுதான் விடை. செல்வி, சந்தேகத்துக்குரியதை அழிக்காதீர்கள், இரண்டாவது பெட்டியில் போடுங்கள், நாள் ஒன்றுக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துவிடட்டும். எதுவாக இருந்தாலும் அனுப்பியவருக்கு ஒரே பதில்: 'விண்ணப்பம் வந்துவிட்டது, நாளை மாலைக்குள் அழைப்போம், அழைப்பு வராவிட்டால் மிஸ்டு கால் கொடுங்கள்.' அந்தப் பதில் ஸ்கிரீன் ரீடரில் தானாகவே ஒலிக்கும்படி ஏரியா-லைவ் போடுங்கள்.

வைகைக்கரை செல்வி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கணேசன் சொன்னபடி முதலில் குப்பையில் நூறு எடுத்துப் படித்தேன். 91இல் இணைய முகவரி, அதுவும் முக்கால்வாசி 'பாடம்' என்ற கட்டத்தில். மிச்சத்தில் ஃபோன் நம்பர் 11 இலக்கம். அந்தச் சரிபார்ப்பு, பொறிக் கட்டம், நேரக் கையொப்பம், இரண்டு பெட்டி எல்லாம் போட்டேன். இப்போது முதல் பெட்டிக்குக் குப்பை என்று வருவது நாளைக்கு ஒன்றோ இரண்டோ. புரூஃப் ஆஃப் வொர்க்குக்கு வேலை வரவில்லை.

ஒரு தப்பு நடந்தது, மற்றவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். நான்காவது நாள் இரண்டாவது பெட்டியைப் பார்த்தால் திண்டுக்கல்லில் இருந்து ஒரு நிஜ விண்ணப்பம். பொறிக் கட்டத்துக்கு நான் வைத்த பெயர் 'ஈமெயில்2', ஆட்டோகம்ப்ளீட் ஆஃப் போட்டும் அந்த மாணவனின் பிரவுசர் அவன் முகவரியைத் தானாகவே நிரப்பி அனுப்பியிருக்கிறது. எந்த பிரவுசரும் அடையாளம் காண முடியாத அர்த்தமில்லாத பெயராக மாற்றிவிட்டேன், பிறகு அப்படி வரவில்லை. அழிக்காமல் வைக்கச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

மிஸ்டு கால் இதுவரை ஐந்து வந்திருக்கிறது. அதில் மூன்று பேர் படிவத்தைத் திறக்கவே இல்லையாம், நம்பரைக் கேட்டதும் நேரே கூப்பிட்டுவிட்டார்கள்.

தேனி மாணவியிடம் திரும்ப முயலச் சொன்னேன். அனுப்பி முடித்துவிட்டு அவளே ஃபோன் பண்ணினாள், "விண்ணப்பம் வந்துவிட்டதுன்னு அதுவே சொல்லுச்சுக்கா." அரசியல் அறிவியல், தமிழ் வழி, காலைத் தேர்வு. எழுத ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார், போன வாரம் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஒலிவாசகன் சார், நேரம் இருக்கும்போது படிவத்தை என்விடிஏவில் ஒரு தடவை மேலிருந்து கீழே கேட்டுச் சொல்வீர்களா? தேதிக் கட்டத்தில் மாதத்தை இரண்டு தடவை படிக்கிறது என்று ஒரு பையன் சொன்னான், எனக்கு இங்கே அப்படி வரவில்லை.

ஒலிவாசகன்:

இன்று இரவே பார்க்கிறேன்மா. தேதியை ஒரே கட்டமாக வைத்திருக்கிறீர்களா, நாள், மாதம், வருடம் என்று மூன்றாகவா?